ஈடில்லாதவனுக்குக் கடன்

வரலாறு என்றதும் முடியும் போரும் நினைவுக்கு வருதல் இயல்பு. நான் இன்று கூற விழைவதோ ஜெர்மனியில் ஓர் ஊர்த்தலைவரின் கதை. அவர் பெயர் ரைபைசன்.

1846-47 பஞ்சத்தில் ஏழைகளுக்கு மாவும் ரொட்டியும் கடனாகக் கிடைக்கச் செய்தார். 1849இல் செல்வர்களின் பிணையில் சங்கம் அமைத்து, உழவர்க்கு மாடு வாங்கித் தந்து, தவணையில் விலையைப் பெற்றார். 1854இல் ஹெடஸ்டார்பில் தோன்றிய சங்கமோ, கடனுடன், ஆதரவற்ற சிறுவரைப் பேணுதல், சிறைமீண்டோர்க்கு வேலை தேடுதல் ஆகியவற்றையும் மேற்கொண்டது. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர். செல்வரின் ஊக்கம் நாளடைவில் தளர்ந்தது.

1864இல் முறையை மாற்றினார். கடன் வேண்டுவோர் உறுப்பினராதல் வேண்டும். சங்கத்தின் கடனுக்கு உறுப்பினர் அனைவரும் தம் உடைமை முழுவதாலும் பொறுப்பாவர். ஆகவே, அண்டை வீட்டார் வாங்கிய பணம் மாட்டுக்குப் போயிற்றா, மதுக்கடைக்குப் போயிற்றா என்று ஊரே கவனித்தது. நிலப்பத்திரம் செய்யவேண்டிய வேலையை நன்னடத்தை செய்தது. இக்கண்காணிப்பு சிலர்க்குச் சுமையாகவும் இருந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன். எனினும், ஈடு வைக்க ஏதுமற்றவனுக்கு வட்டிக்கடைக்காரனை விட்டால் வேறு புகல் ஏது?

அக்காலத்திலேயே டெலிட்ச் நகரில் ஷூல்சே என்பார் தச்சர்க்கும் செருப்புத் தைப்போர்க்கும் சங்கங்கள் கண்டார். அது தனிக்கதை.

சென்னை அரசின் பணிப்பில் இவற்றை ஆராய்ந்த பிரடெரிக் நிக்கல்சன், 1895இலும் 1897இலும் அறிக்கை அளித்தார். ரைபைசனைப் போன்ற மனிதரைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை என்பது அவர் துணிபு. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே, திருவள்ளூரை அடுத்த திரூரில், உழவர்க்கான கடன் சங்கம் ஒன்று தொடங்கிற்று.