கார் ஏர்கோன் கேஸ்: பேராக் சாலைகளில் குளிர்பொருளின் வரலாறு

கார் குளிரூட்டிக்குள் சுற்றிவரும் குளிர்பொருளை மலேசியாவின் பேராக் மாநிலத் தமிழர்கள் ‘கேஸ்’ என்றே சொல்கிறார்கள். ‘கேஸ் முடிஞ்சி போச்சு, அடிக்கணும்’ என்பது ஈப்போ பட்டறைகளில் அன்றாடப் பேச்சு. ஆனால் இது பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. அளவு குறைந்தால் எங்கோ கசிந்திருக்கிறது. கசிந்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கேள்விதான் இதன் வரலாற்றை இரண்டு முறை திருப்பியது.

பால்மரம் வெட்டிவிட்டு வியர்வையோடு நிற்பவர்மேல் காற்று பட்டால் உடம்பு சில்லிடும். ஆவியாகும் வியர்வை உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஏர்கோன் செய்வதும் இதைத்தான். இன்று பெரும்பாலான கார்களில் உள்ள ஆர்-134ஏ, சாதாரணக் காற்றழுத்தத்தில் -26 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தை ஏறத்தாழ 3 மடங்காக்கினால் 0 டிகிரியில் கொதிக்கும். 13 மடங்காக்கினால் 50 டிகிரியில்தான் கொதிக்கும். முழு வேலையும் இந்த வேறுபாட்டில் நடக்கிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் குறைந்த அழுத்தத்தில் கொதித்து, காருக்குள் இருக்கும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடேற்றுகிறது. வெளிக்காற்றைவிடச் சூடாகிவிட்டதால், முன்புறக் கண்டென்சரில் சூட்டை இறக்கிவிட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பேன்ஷன் வால்வின் சிறு துளை வழியே பாய்ந்ததும் அழுத்தம் விழ, மறுபடியும் கொதிக்கத் தொடங்குகிறது.

பேராக்கின் ஈரமான காற்றில் ஏர்கோனுக்கு இன்னொரு பாரமும் உண்டு. காற்றின் ஈரம் கூலிங் காயிலில் நீராகப் படிகிறது. நிறுத்திய காரின் அடியில் சொட்டும் தண்ணீர் அதுதான். பழுது என்று பயப்பட வேண்டியதில்லை. 1 லிட்டர் நீரைக் காற்றிலிருந்து இறக்கவே குறைந்தது 12 கிலோ ஆர்-134ஏ ஆவியாக வேண்டும். சிறிய காரில் இருப்பதோ அரைக் கிலோ அளவுதான். அந்த அரைக் கிலோ 24 முறைக்கு மேல் சுற்றினால்தான் 1 லிட்டர் இறங்கும்.

1930க்கு முன் குளிர்ப்பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டைஆக்சைடு போன்ற நச்சு வாயுக்களே பெரும்பாலும் ஓடின. அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மிட்ஜ்லி உருவாக்கிய ஃபிரியான், அதாவது ஆர்-12, எரியாது, நஞ்சுமில்லை. 1930இல் வேதியியலாளர் கூட்டமொன்றில் அவர் அதை மூச்சில் இழுத்து, ஊதி மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். 1939இல் பேக்கார்டு நிறுவனம் காரில் குளிரூட்டியைப் பொருத்தியது. அதை நிறுத்துவதற்கு இன்ஜினை அணைத்து, மூடியைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது.

வீட்டுக் குளிர்ப்பெட்டியில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைபட்டவை. கார் கம்ப்ரசரின் தண்டோ பெல்ட்டுக்காக வெளியே நீண்டிருக்கிறது. இன்ஜின் அதிர்வதால் குழாயின் சில பகுதிகள் ரப்பராகவும் இருந்தாக வேண்டும். அதனால்தான் கார்களில் கசிவு அதிகம். 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டதிலிருந்து ரப்பரின் பெயரோடு சேர்ந்துவிட்ட மாநிலம் இது. ஆனால் தோட்டத்துப் பாலில் உருவான இயற்கை ரப்பர், கம்ப்ரசருக்காகக் கேஸோடு சுற்றும் எண்ணெய் பட்டால் உப்பிவிடும் என்பதால் இந்த இடத்துக்கு ஆகாது; செயற்கை ரப்பர்தான் அங்கே தாங்குகிறது.

1974இல் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும், கசிந்த ஃபிரியான் வான்மேலே ஓசோனை அழிக்கும் என்று எழுதினார்கள். 1985இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் தேய்ந்திருப்பது வெளிப்பட்டது. 1987இல் ஓசோனைக் காக்க மொன்றியால் ஒப்பந்தம் உருவானது. மலேசியா 1989இல் அதை ஏற்றது, 1999இல் குளிர்பொருள் நிர்வாக விதிகளைக் கொண்டுவந்தது. 2010 தொடங்கும்போது வளரும் நாடுகளும் ஆர்-12ஐ நிறுத்த வேண்டியிருந்தது. தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறி, தோட்டப் பிள்ளைகள் பலர் பட்டணத்துப் பட்டறைகளில் தொழில் பழகிய காலமும் ஏறக்குறைய இதுவே. ஆர்-12க்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ, கம்ப்ரசரின் பழைய கனிம எண்ணெயோடு கலக்காது. பழைய கார்களில் எண்ணெய், இணைப்பு வளையங்கள், ஈரம் உறிஞ்சும் டிரையர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. வெள்ளைக் கேஸ் தோம்பு போய் வெளிர்நீலத் தோம்பு வந்தது.

நல்ல மெக்கானிக் முதலில் தோம்பைத் திறப்பதில்லை. நீல மீட்டரையும் சிவப்பு மீட்டரையும் மாட்டி இரு பக்க அழுத்தத்தைப் பார்க்கிறார். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழ் வரும் இடத்தைத் தேடுகிறார். பழுதைச் சரிசெய்து, வேக்யூம் பம்பால் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகே எடைபோட்டுக் கேஸ் ஏற்றுகிறார். கசிவை விட்டுவிட்டு ஆண்டுதோறும் நிரப்புவது வாடிக்கையாளரின் காசை வானத்தில் விடுவதுதான்.

ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கிறது. அரைக் கிலோ கசிந்தால் ஏறத்தாழ 300 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். மொன்றியால் ஒப்பந்தத்துக்கு 2016இல் உருவான கிகாலித் திருத்தத்தை மலேசியா 2020இல் ஏற்றது. அதன்படி 2045க்குள் ஆர்-134ஏ போன்ற பொருள்களை 80 விழுக்காடு குறைக்க வேண்டும். ஐரோப்பாவின் புதிய கார்களுக்கு வந்திருப்பது ஆர்-1234ஒய்எஃப். லேசாகத் தீப்பற்றக்கூடியது, விலையும் அதிகம். ஆர்-134ஏ காற்றில் சுமார் 14 ஆண்டு தங்கும். ஆர்-1234ஒய்எஃப் சில நாள்களிலேயே சிதைகிறது. சிதைந்தபின் டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலமாகி, மழையோடு மண்ணிலும் நீரிலும் இறங்குகிறது. அந்த அமிலம் எளிதில் அழிவதில்லை.