ரோசிக்கு வீடு தேடினபோது கேட்ட கதை

ஆறு வயதான ஒரு நாய்க்கு வீடு தேடத் தொடங்கியபோதுதான் 95 இடப்பெயர்வைப் பற்றி ஊரில் கேட்டோம். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் யோசிக்கலாம். எங்களுக்கும் முதலில் தெரியாது.

ரோசி பண்டத்தரிப்பில் ஒரு வளவில் வளர்ந்த ஊர்நாய். வீட்டுக்காரர் பிள்ளைகளோடு இருக்கக் கனடா போய்விட்டார்கள். வீடு பூட்டியாச்சு. பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்ச நாள் சோறு வைத்தார்கள், பிறகு அவர்களும் கொழும்புக்குப் போய்விட்டார்கள். ரோசி மட்டும் பூட்டின படலைக்கு முன்னால் கிடந்தது. மெலிந்து, காதில் புண்ணோடு கிடந்ததைக் கண்டு எங்களில் ஒருத்தி தூக்கி வந்தாள். மருந்து கட்டினோம், தடுப்பூசி போட்டோம், கருத்தடையும் செய்வித்தோம். இனி ஒரு வீடுதான் வேணும்.

சில்லாலை, மாதகல், வடலியடைப்பு, சங்கானை என்று கேட்காத இடமில்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். “குட்டியெண்டாத் தாங்கோ, வளர்க்கிறம்.” “பெட்டை நாயோ? கடுவன் இருந்தாச் சொல்லுங்கோ.” கருத்தடை செய்தது என்று சொன்னாலும் அடுத்த காரணம் தயாராக இருந்தது. “வளர்ந்த நாய் ஒட்டாது தம்பி. பழைய வீட்டுக்குத்தான் ஓடும்.”

வடலியடைப்பில் ஒரு அம்மம்மா மட்டும் சிரித்தா. “ஆர் சொன்னது ஒட்டாதெண்டு? 96இல நாங்கள் திரும்பி வரேக்க எங்கட வளவில நிண்டது எங்கட நாயே இல்லை. ஆற்றையோ நாய். அதுதான் பிறகு பத்து வருசம் எங்கட வீட்டைக் காத்தது.”

அந்த ஒரு வசனம் எங்களை வரலாற்றுக்குள் தள்ளிவிட்டது.

1995இல் வலிகாமம் மேற்குப் பக்கச் சனம் ஒரே ஆண்டில் இரண்டு தரம் ஓடியது. முதல் தரம் ஜூலை 9. ‘முன்னேறிப் பாய்தல்’ என்று பெயரிட்ட இராணுவ நடவடிக்கை பண்டத்தரிப்பு, சண்டிலிப்பாய் பக்கமாக வந்தது. ஷெல்லடிக்குள் சனம் கையில் கிடைத்ததோடு தெற்கே ஓடியது. அன்று நவாலி தேவாலயத்தில் ஒதுங்கியிருந்தவர்கள் மீது குண்டு வீசப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில நாட்களில் இராணுவம் பின்வாங்க, சனம் திரும்பி வந்தது.

இரண்டாவது தரம் ஒக்டோபர் 30. வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறச் சொல்லிப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏறக்குறைய 5 லட்சம் பேர் நாவற்குழிப் பாலத்தாலும் கோப்பாய்–கைதடிப் பாதையாலும் மழைக்குள் நகர்ந்தார்கள். பண்டத்தரிப்பிலிருந்து சாவகச்சேரிக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். சைக்கிள் கரியரில் அரிசி மூட்டை, பாரில் பிள்ளை, கையில் ஒரு பை. நாயை எங்கே ஏற்றுவது? ஆட்டையும் மாட்டையும் அவிழ்த்துவிட்டார்கள். நாய்க்கு இருந்த சோற்றைக் கொட்டிவிட்டுப் படலையைச் சாத்தினார்கள். சில நாய்கள் பின்னால் ஓடிவந்து சன நெரிசலில் தவறின. அம்மம்மா வீட்டு நாய் மானிப்பாய் வரைக்கும் வந்ததாம். அதற்குப் பிறகு காணவில்லை.

சனம் வலிகாமத்துக்குத் திரும்பத் தொடங்கியது 1996 ஏப்ரலில்தான். கிட்டத்தட்ட ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் அந்த நாய்கள் எதைத் தின்றன, எங்கே படுத்தன என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஊருக்கு வந்தவர்கள் கண்டது மெலிந்த, வெருண்ட நாய்களை. அவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் வைத்தோம்: கட்டாக்காலி.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். காலி என்றால் மாடு. கட்டாமல் விட்ட மாட்டுக்குச் சொன்ன சொல், பிறகு நாய்க்கும் வந்தது. கட்டாக்காலி என்று சொல்லும்போதே, கட்ட வேண்டிய ஓராள் எங்கோ இருக்கிறார் என்று ஆகிறது. தெருவில் நிற்கும் நாய்களில் பல, யாரோ விட்டுவிட்டுப் போனவை. இல்லாவிட்டால் அப்படி விடப்பட்டவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

அரசு இந்த நாய்களை நீண்ட காலம் நோயாக மட்டுமே பார்த்தது. விசர்நாய்க்கடி பற்றிய கட்டளைச் சட்டம் 1893இல் வந்தது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901இல் வந்தது. சொந்தக்காரர் இல்லாத நாயைப் பிடித்துக் கொல்வதே வழமையாக இருந்தது. பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1973இல் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது 20, 30 என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. நாய்களைக் கொல்வது 2006இல் அரச கொள்கையாகவே நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் சாவு கூடவில்லை. நாய்க்குத் தடுப்பூசியும் கருத்தடையும், கடிபட்டவருக்கு உடனடி ஊசியும்தான் கைகொடுத்தன.

நாயை விட்டுப் போன கதை எங்களுடையது மட்டுமில்லை. 1986 ஏப்ரலில் செர்னோபில் விபத்துக்குப் பிறகு பிரிப்பியாத் நகரத்துச் சனத்தை மூன்று நாளில் திரும்பலாம் என்று சொல்லிப் பேருந்தில் ஏற்றினார்கள். செல்லப்பிராணிகளுக்கு இடமில்லை. சனம் திரும்பவேயில்லை. பிறகு அனுப்பப்பட்ட படையினர் நாய்களைச் சுட்டார்கள். தப்பியவற்றின் சந்ததி இன்றும் அங்கே திரிகிறது. 2005இல் அமெரிக்காவில் கத்ரினா புயல் வந்தபோது, நாயை விட்டு வரமாட்டோம் என்று பலர் வெள்ளத்துக்குள்ளேயே நின்றார்கள். அடுத்த ஆண்டே ஒரு சட்டம் வந்தது. சனத்தை வெளியேற்றும் திட்டங்களில் செல்லப்பிராணிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது அது. அங்கே அது சட்டமாகியது. இங்கே அது அம்மம்மாமாரின் மனத்தில் மட்டும் கிடக்கிறது.

இன்றைக்கு ஷெல் விழவில்லை. ஆனால் வீடுகள் பூட்டப்படுகின்றன. விசா வருகிறது, பெட்டி கட்டுகிறோம், பிரியாவிடைச் சாப்பாடு நடக்கிறது. 95இல் நாயை விட்டவர்களுக்கு ஒரு இரவுகூட முழுசாக இருக்கவில்லை. எங்களுக்கோ விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்கள் இருக்கின்றன. அதனால் அவர்கள் சொன்ன காரணத்தை நாங்கள் சொல்ல முடியாது.

கைவிடப்பட்ட நாய்களுக்கு இயக்கச்சியில் சிவபூமி சரணாலயம் இருக்கிறது. அது பெரிய வேலை. ஆனால் வடக்கில் பூட்டப்படும் ஒவ்வொரு வீட்டின் நாயையும் ஒரு சரணாலயம் தாங்காது. ஒரு நாய்க்கு ஒரு வளவு என்றுதான் நாங்கள் யோசிக்க வேணும்.

கடைசியில் ரோசியைச் சில்லாலையில் தனியாக இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் எடுத்தார். குட்டியை வளர்க்கத் தனக்குத் தெம்பில்லை, வளர்ந்ததுதான் வசதி என்றார். உண்மைதான். வளர்ந்த நாயின் குணம் முன்னாலேயே தெரியும். செருப்பைக் கடிக்காது, எங்கே இருப்பது என்று பழகியிருக்கும்.

சுகமாக முடிந்தது என்று பொய் சொல்லமாட்டோம். முதல் கிழமை இரண்டு தரம் பண்டத்தரிப்புக்கு ஓடி, பூட்டின படலைக்கு முன்னாலேயே படுத்தது. ஆசிரியர் இரண்டு தரமும் சைக்கிளில் போய்க் கூட்டி வந்தார். பிழை எங்களுடையது. முதல் சில கிழமை வளவை விட்டு வெளியே விடக்கூடாது, பழைய வீட்டுச் சாக்கையோ துணியையோ கூடக் கொடுக்க வேணும், ஒரே நேரத்தில் ஒரே ஆள் சாப்பாடு வைக்க வேணும் என்பதை நாங்கள் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. மூன்றாம் மாதம் போனபோது ரோசி எங்களைப் பார்த்துக் குரைத்தது. அது அதன் வீடு, நாங்கள் வெளியாட்கள்.

நடு வயதில் எல்லாவற்றையும் விட்டு, தெரியாத ஊரில், தெரியாத மொழியில் மறுபடியும் தொடங்கிய எத்தனை பேர் எங்கள் குடும்பங்களில் இருக்கிறார்கள்! வளர்ந்த உயிர் புது இடத்தில் ஒட்டாது என்று சொல்ல எங்களுக்குத்தான் வாய் வரக்கூடாது.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் வீட்டு அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ ஒருக்கால் கேளுங்கள்: “95இல எங்கட நாய்க்கு என்ன நடந்தது? அதின்ர பேர் என்ன?” சொல்வதை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். யாராவது வெளிநாடு போக ஆயத்தமென்றால், பயணச்சீட்டுப் போட முதல் நாய்க்கு வீடு தேடத் தொடங்கச் சொல்லுங்கள். நாங்களும் சேர்ந்து தேடுகிறோம்.