104-ம் 143-ம்: யார் வண்டி, யார் பயணி?

2017 பிப்ரவரி 15, காலை 9.28. தமிழக அரசியலைப் புரட்டிப்போட்ட சொத்துக்குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த மறுநாள். தமிழ்ச் செய்தி சேனல்களின் கேமராக்கள் கூவத்தூர் விடுதியையும் பெங்களூரு போகும் சாலையையும் பார்த்தபடி நின்றன. அந்த நேரத்தில்தான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 104 செயற்கைக்கோள்களைச் சுமந்து பிஎஸ்எல்வி-சி37 கிளம்பியது. அதற்கு முன் ஒரே ராக்கெட்டில் அதிகபட்சமாகப் போனவை 37. 2014-ல் ஒரு ரஷ்ய ராக்கெட் கொண்டுபோனது. நான்கு ஆண்டுகூட ஆகவில்லை, 2021 ஜனவரி 24 அன்று அமெரிக்காவின் கேப் கனாவெரலிலிருந்து ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9, 'டிரான்ஸ்போர்ட்டர்-1' என்ற பயணத்தில் 143-ஐ ஏற்றிக்கொண்டு போனது. போட்டித் தேர்வுக் கையேடுகளில் ஒரு விடையை அடித்துவிட்டு இன்னொன்றை எழுதிக்கொண்டார்கள்.

அந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் உரித்துப் பார்க்கலாம். இரண்டு பட்டியல்களிலும் பெரும் வாடிக்கையாளர் ஒருவரே: அமெரிக்காவின் பிளானெட் நிறுவனம். அதன் செயற்கைக்கோள்களுக்கு 'டவ்', அதாவது புறா என்று பெயர். ஆளைப் பார்த்தால் காலணிப் பெட்டி. சி37-ல் போனவை ஒவ்வொன்றும் ஐந்து கிலோவுக்குக் குறைவு. மளிகைக் கடைப் பையில் போட்டுத் தூக்கிப் போய்விடலாம். சி37-ல் அவை 88, டிரான்ஸ்போர்ட்டரில் 48. புறாக்களைக் கழித்தால் நம் பக்கம் மிஞ்சுவது 16, அந்தப் பக்கம் 95. இந்தக் கழித்தலுக்குப் பிறகுதான் இரண்டு பயணங்களின் குணமும் வெளியே தெரிகிறது.

சி37 ஒரு கல்யாண வேன். மாப்பிள்ளை 714 கிலோ எடையுள்ள கார்ட்டோசாட்-2 வரிசைச் செயற்கைக்கோள். மொத்தச் சுமையான 1,378 கிலோவில் பாதிக்கு மேல் அவர் ஒருவரே. ஐஎன்எஸ்-1ஏ, ஐஎன்எஸ்-1பி என்று கூடவே இரண்டு தம்பிகள். மிச்ச இடத்தில் ஏறியவைதான் ஆறு நாடுகளின் 101 குட்டிகள். அவற்றில் 96 அமெரிக்காவுடையவை. இஸ்ரேல், கஜகஸ்தான், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றுக்குத் தலா ஒன்று. வேன் எந்த ஊருக்குப் போகிறது என்பதை மாப்பிள்ளை வீட்டார்தான் முடிவுசெய்தார்கள்: ஏறத்தாழ 505 கி.மீ. உயரத்தில் சூரியனோடு ஒத்திசைந்த துருவப் பாதை, கார்ட்டோசாட்டின் கேமராவுக்கு வேண்டிய பாதை. பூமியைப் படமெடுக்கும் புறாக்களுக்கும் அதே ஊர் போதும் என்பதால் ஒரே பயணத்தில் எல்லார் வேலையும் முடிந்தது. ஏவுதல் செலவில் ஏறக்குறையப் பாதி வெளிநாட்டுக் கட்டணத்திலேயே வந்துவிட்டதாக இஸ்ரோ தரப்பில் அப்போது சொன்னார்கள். கல்யாணத்துக்குப் போகிற வேனில் பாதி டீசல் காசு தேறினால் யாருக்குத்தான் கசக்கும்?

டிரான்ஸ்போர்ட்டரில் மாப்பிள்ளையே கிடையாது. அது ரூட் பஸ். கிளம்பும் காலத்தை முன்கூட்டியே அறிவித்து, 200 கிலோ வரை பத்து லட்சம் டாலர், அதற்கு மேல் கிலோவுக்கு 5,000 டாலர் என்று அப்போது கட்டணப் பலகையை இணையதளத்தில் மாட்டியிருந்தார்கள். உங்கள் செயற்கைக்கோள் தயாராகவில்லையா, அடுத்த பஸ்ஸில் வாருங்கள். மீதி இடத்தில் பஸ் முதலாளி தன் சொந்த மூட்டைகளையும் போட்டுக்கொண்டார்: 143-ல் பத்து, ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்லிங்க். நிறுத்தத்தில் இறங்கியபின் வீடுவரை கொண்டுவிட ஷேர் ஆட்டோவும் இருந்தது. இத்தாலியின் டி-ஆர்பிட் நிறுவனத்தின் சிறு ஊர்தி ஒன்று, தன் வயிற்றில் செயற்கைக்கோள்களை வைத்துக்கொண்டு பயணியோடு பயணியாக ஏறிப் போய், பின்னால் அவற்றை இறக்கிவிட்டது.

இறக்கிவிடுவது சாதாரண வேலை இல்லை. வண்டி நொடிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, பயணி குதிக்க வேண்டும், ஏற்கெனவே குதித்தவர் மேல் விழக் கூடாது. 104 செயற்கைக்கோள்கள் என்றால் ஒன்றோடொன்று உரச வாய்ப்புள்ள இணைகள் 5,356. 143 என்றால் 10,153. சி37-ல் குட்டிகள் 25 'குவாட்பேக்' பெட்டிகளில் அடைபட்டிருந்தன. புறப்பட்டு 16 நிமிடம் 48 விநாடியில் ராக்கெட் பாதையைத் தொட்டது. முதலில் கார்ட்டோசாட், அடுத்து தம்பிகள் இருவர், பிறகு பெட்டிகளின் கதவு வரிசையாகத் திறந்து, உள்ளிருந்த சுருள்வில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டது. ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி, திசை, நேரம் எல்லாம் முன்பே கணக்குப் போட்டவை. பன்னிரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. ராக்கெட்டில் இருந்த கேமரா எடுத்த காட்சியை இஸ்ரோ பின்னர் வெளியிட்டது: கீழே நீலமும் வெள்ளையுமாகப் பூமி, ஓரத்திலிருந்து பெட்டி பெட்டியாக நழுவிப் போகும் புறாக்கள். இதில் வேகத்தைவிட அந்த நிதானம்தான் எனக்குப் பிடித்தது. ஃபால்கன் 9-ன் மேல்நிலையோ இன்ஜினை அணைத்துவிட்டு நெடுநேரம் மிதந்தது. மறுபடி கொஞ்ச நேரம் எரித்து, கிளம்பி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே கதவைத் திறக்க ஆரம்பித்தது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு சங்கடம் உண்டு, அதை அதிகம் யாரும் பேசுவதில்லை. துருவப் பாதைக்குப் போகத் தெற்கே ஏவ வேண்டும். இரண்டு ஏவுதளத்துக்கும் தெற்கே ஆள் வாழும் நிலம். ஸ்ரீஹரிகோட்டாவுக்கு இலங்கை. ஆகவே பிஎஸ்எல்வி முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைச் சுற்றிக்கொண்டு பிறகு தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் எரியும் எரிபொருள் அத்தனையும் சுமையில் கழியும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு முக்கியக் காரணமே இந்த வளைவுதான். அங்கிருந்து தெற்கே நேர்கடல். ஆனால் அது சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்விக்கான தளம்.

கேப் கனாவெரலுக்கோ ஃபுளோரிடாவின் கடற்கரை, அப்பால் கியூபா. 1960-ல் அங்கிருந்து தெற்கே போன ஓர் அமெரிக்க ராக்கெட்டின் சிதறல் கியூபாவில் விழுந்து ஒரு மாடு செத்ததாகப் பெரிய தகராறே ஆனது. பிறகு துருவப் பயணங்கள் கலிபோர்னியாவின் வாண்டன்பெர்க்குக்குப் போய்விட்டன. அரை நூற்றாண்டு கழித்து, 2020 ஆகஸ்டில்தான் ஃபால்கன் 9 அந்தத் தெற்கு வழியை மறுபடி திறந்தது. டிரான்ஸ்போர்ட்டரும் அதே வழியில் கரையோரமாக வளைந்து போனது. நம் ராக்கெட்டுக்கு அந்த வளைவு வலிக்கும். 44 மீட்டர் உயரம், 320 டன்தான். அவர்களுடையது 70 மீட்டர், 549 டன். வளைந்து போன பிறகும் கீழ்நிலையைப் பத்திரமாகத் திருப்பி இறக்க எரிபொருள் மிச்சம் இருந்தது.

அதனால் 'ஒரு சீட்டுக்கு என்ன விலை' என்று இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பிஎஸ்எல்வி நம் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்களை ஏற்றப் பிறந்தது. அடுத்தவரை ஏற்றியது இடம் இருந்ததால். ஆனால் வாடிக்கையாளர் நியாயம் பார்ப்பதில்லை, பஸ் எப்போது வரும் என்றுதான் பார்க்கிறார். பெங்களூரின் பிக்சல் நிறுவனம் 2022-ல் 'சகுந்தலா'வை ஃபால்கனிலும், சில மாதம் கழித்து 'ஆனந்த்'தைப் பிஎஸ்எல்வியிலும் அனுப்பியது.

இந்த இரண்டு வகை வண்டியிலும் ஏறியவர்களில் ஸ்வார்ம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதை வேடிக்கையானது. அதன் 'ஸ்பேஸ்பீ' ஒரு பன் அளவுதான். இவ்வளவு சின்னதை ரேடாரில் பின்தொடர முடியாமல் போகலாம் என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அனுமதி மறுத்தது. கேட்காமல் 2018 ஜனவரியில் பிஎஸ்எல்வி-சி40-ல் நான்கை அனுப்பிவிட்டார்கள். 9 லட்சம் டாலர் கட்டும்படி ஆயிற்று. மூன்று ஆண்டு கழித்து, அனுமதியோடு, 36 ஸ்பேஸ்பீக்கள் டிரான்ஸ்போர்ட்டரில் ஏறின. அதே ஆண்டு பஸ் முதலாளியே ஸ்வார்மை வாங்கிவிட்டார்.

வண்டிகள் என்ன ஆயின? டிரான்ஸ்போர்ட்டரின் கீழ்நிலைக்கு அது ஐந்தாவது பயணம். முதல் பயணத்தில், 2020 மே மாதம், இரண்டு விண்வெளி வீரர்களை ஏற்றிப் போனதும் அதுதான். மொத்தம் பத்தொன்பது முறை போய்வந்து, 2023 டிசம்பரில் மிதவைக் கப்பலில் சரியாக இறங்கியும், கரை திரும்பும் வழியில் காற்றிலும் அலையிலும் சாய்ந்து உடைந்தது. சி37-ன் கீழ்நிலைகள் அன்றைக்கே கடலில் விழுந்துவிட்டன. புறாக்களை இறக்கிவிட்ட நான்காம் நிலை மட்டும் ஏழரை ஆண்டுக்கு மேல் ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் 6 அன்று அது வட அட்லாண்டிக்குக்கு மேலே வளிமண்டலத்துக்குள் இறங்கியது.