பினாங்கிலிருந்து வந்த சீர்

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது, பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு காடாத் துணி கிடைத்தது. பழைய பார்சலின் மேலுறை. தையல் ஓரத்தில் அரக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கடலூர் ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பது வருஷம் தபால் பிரித்த கை சும்மா இருக்குமா? பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டேன்.

1947 ஆவணியில் சிதம்பரத்தில் அத்தைக்குக் கல்யாணம். பினாங்கில் இருந்த தாய்மாமன் அனுப்ப வேண்டிய சீர்ப்புடவை முகூர்த்தத்துக்கு வரவில்லை. புரட்டாசியில்தான் வந்தது. "ஊரார் பேச்சுக்குப் பயந்து அப்புறம் அனுப்பியிருக்கான்" என்று பாட்டி முடிவு கட்டினார். அதோடு தம்பிக்குக் கடிதம் போடுவதையே நிறுத்திவிட்டார். அந்தப் புடவையை அத்தை ஒரு நாளும் கட்டவில்லை.

உறையில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஸ்டாம்புகள். மேலே 'பி.எம்.ஏ. மலாயா' என்று அச்சிட்டிருக்கிறது. 1945 செப்டம்பரில் ஜப்பான்காரர் போனபின், பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்துக்காக வந்த ஸ்டாம்புகள் இவை. அந்த நிர்வாகம் 1946-இல் முடிந்த பிறகும் இவை புழக்கத்தில் இருந்தன.

அந்தக் காலத்தில் மலாயாத் தபால் பி.ஐ. கம்பெனிக் கப்பலில் வரும். 'ரஜூலா'வை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பினாங்கிலிருந்து இந்தக் கரைக்கு ஏறத்தாழ ஒரு வாரம். நாகப்பட்டினத்தில் இறங்கினால் திருவாரூர், மாயவரம் வழியாகச் சிதம்பரம். சென்னையில் இறங்கினால் விழுப்புரம், கடலூர் வழி. இதில் சென்னைச் சுங்க முத்திரை இருப்பதால், நான் பிற்காலத்தில் வேலை பார்த்த கடலூரைத் தாண்டித்தான் இந்தப் பார்சல் போயிருக்க வேண்டும்.

சுங்க முத்திரையில் தேதி அழிந்துவிட்டது. சிதம்பரம் முத்திரை 3 அக்டோபர் 1947. பினாங்கு முத்திரையைத் துணியை வெளிச்சத்தில் பிடித்துத்தான் படிக்க முடிந்தது: 11 ஜூலை 1947.

ஆடி பிறக்கும் முன்பே அனுப்பிவிட்டார் மனுஷர். ஒரு வாரக் கப்பல் வழிக்குப் பார்சல் எடுத்துக்கொண்டது 84 நாள். எங்கே தங்கியதோ, முத்திரை சொல்லவில்லை.

பாட்டியும் இல்லை, அவர் தம்பியும் இல்லை. அத்தை மகளுக்குப் போன் செய்து தேதியைப் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்தப் புடவை இங்கதான் இருக்கு. தீபாவளிக்குக் கட்டிக்கிறேன்" என்றாள்.

உங்கள் வீட்டிலும் பழைய உறைகள் இருக்கும். பேரன் ஆல்பத்துக்குக் கேட்கிறான் என்று ஸ்டாம்பை மட்டும் பிய்த்துக் கொடுத்துவிடாதீர்கள். விஷயம் முத்திரையில் இருக்கிறது.