பட்டுப் போர்வையும் பாட்டியின் கூறைப்புடவையும்

சென்ற நவராத்திரிக்குப் புணேயில் மகன் வீட்டில் இருந்தேன். பீரோவை ஒழித்துக்கொண்டிருந்த என் நாட்டுப்பெண், காலஞ்சென்ற என் தாயாரின் அரக்குக் கலர் ஒன்பது கஜத்தை எடுத்துவந்து என் முன் பிரித்தாள். மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருந்தது.

"அப்பா, இதை இனிமே யாரும் கட்டிக்க முடியாது. பழைய புடவையை வெச்சு கோதடி தைக்கற அம்மா ஒருத்தர் இங்கே இருக்கார். குழந்தைக்கு ஒரு போர்வை தைக்கச் சொல்லட்டுமா?" என்றாள்.

அம்மாவின் புடவையில் கத்தரிக்கோல் வைக்க மனசு இடங்கொடுக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று ஒத்திப்போட்டேன். ரசாயனம் படித்த பழக்க தோஷம், எதையும் காரண காரியத்தோடு பார்த்தால்தான் திருப்தி. பட்டில் போர்வை தைத்தவர்களின் சரித்திரத்தைப் புரட்டினேன். கண்டதை அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நம் தேசத்துக் கதை. 16-ஆம் நூற்றாண்டில் வங்காளத்தின் சாத்காவ் துறைமுகத்திலும், பின்னர் ஹூக்ளியிலும் வியாபாரம் செய்த போர்ச்சுகீசியர், அங்குள்ள கைவினைஞர்களைக் கொண்டு பெரிய போர்வைகளைத் தைக்கச் செய்து ஊருக்கு அனுப்பினர். அவர்கள் பாஷையில் அதற்குக் 'கோல்ஷா' என்று பெயர். வெள்ளைப் பருத்தித் துணியின்மேல், பொன்னிறமான டஸ்ஸர் பட்டு நூலால் சங்கிலித் தையல். கப்பல், வேட்டை, சாலமோன் ராஜா, கிரேக்கப் புராணம் என்று வாங்குகிறவர் விரும்பிய சித்திரங்கள். 1632-ல் ஷாஜஹானின் படை ஹூக்ளியைப் பிடித்ததும் போர்ச்சுகீசியரின் செல்வாக்கு அங்கே சரிந்தது. ஆனால் போர்வைகள் சரியவில்லை. சுமார் நானூறு வருஷம் கழித்து, இன்றும் லண்டன், லிஸ்பன் மியூசியங்களில் அவற்றைக் காணலாம்.

அடுத்தது இங்கிலாந்து. 1718 என்று வருஷம் தைக்கப்பட்ட ஒரு பட்டு ஒட்டுப்போர்வை, அந்நாட்டுப் போர்வை தைப்போர் சங்கத்திடம் இருக்கிறது. பட்டு வழுக்கும், நூல் பிரியும், கோணல்மாணலாக இழுத்துக்கொள்ளும். அதனால் அக்காலத்துப் பெண்கள் ஒரு யுக்தி செய்தார்கள். காகிதத்தை அளவாக வெட்டி, அதன்மேல் பட்டுத் துண்டை மடித்துத் தைத்து, பிறகு துண்டுகளை ஓரத்தோடு ஓரம் இணைத்தார்கள். அந்தக் காகிதங்கள் இன்னும் அந்தப் போர்வைக்குள்ளேயே இருக்கின்றன.

மூன்றாவது அமெரிக்கா. 1876-ல் ஃபிலடெல்ஃபியா பொருட்காட்சியில் ஜப்பானியக் கலைப்பொருட்கள் ஜனங்களைக் கவர்ந்தன. அதைத் தொடர்ந்து 1880-களில், ஒழுங்கில்லாத வடிவத்தில் பட்டு, வெல்வெட் துண்டுகளைப் பருத்தித் துணிமேல் பரப்பி, சந்துகளில் அலங்காரத் தையல் போடும் 'கிரேஸி குவில்ட்' மோகம் பரவியது. பட்டு மில்கள் வெட்டுத் துண்டுகளைப் பொட்டலம் கட்டி விற்றன. பெரும்பாலும் உள்ளே பஞ்சுகூடக் கிடையாது. குளிருக்கு அல்ல, வரவேற்பறை சோபாவில் அழகுக்குப் போட்டுவைக்க.

இங்கேதான் விநோதம். 1718-ஆம் வருஷத்துப் பட்டு நிற்கிறது. அதற்கு 160 வருஷம் பின்னால் வந்த அமெரிக்கப் பட்டு பல போர்வைகளில் நார்நாராகக் கிழிந்து உதிர்கிறது. ஏன்?

பட்டு நூலின் உள்ளே இருப்பது ஃபைப்ராயின் என்ற புரதம். மேலே செரிசின் என்ற பசை. கொதிக்கவைத்துப் பசையை நீக்கினால் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். பட்டு எடைக்கு விலை போகும் சரக்காயிற்றே! நஷ்டத்தை ஈடுகட்ட, 19-ஆம் நூற்றாண்டு ஆலைகள் வெள்ளீய உப்புக் கரைசலில் பட்டை முக்கி எடுத்தன. கறுப்புப் பட்டுக்கு இரும்பு உப்பு. துணி கனமாக, சரசரவென்று, அசல் உயர்ந்த பட்டுப்போல் இருக்கும். ஆனால் அந்த உலோக உப்பே, வெளிச்சமும் காற்றும் பட்டபின், இழையை உள்ளிருந்து அரித்துவிடும். இதற்கு மருந்து கிடையாது. 1938-ல்தான் அமெரிக்க அரசு, 10 சதவீதத்துக்கு மேல் (கறுப்புக்கு 15) உப்பு ஏற்றிய பட்டில் அதை வெளிப்படையாகக் குறிக்கவேண்டும் என்று விதி செய்தது.

ஆகவே பட்டைக் கெடுத்தது கத்தரிக்கோலோ ஊசியோ அல்ல, எடையின்மேல் வைத்த ஆசை. இதை எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது. காரணம் உண்டு.

1980-ல் வெள்ளி விலை தாறுமாறாக ஏறியிருந்தது. "பழைய பட்டுப்புடவை, ஜரிகை வாங்கறது" என்று தெருவில் குரல் கேட்டது. "பெட்டியில் கிடந்து என்ன பிரயோஜனம்?" என்று வாதாடி, பாட்டியின் கூறைப்புடவையை அம்மாவிடமிருந்து வாங்கி எடைபோட்டு விற்றேன். பட்டு எரிந்து சாம்பலாகும், வெள்ளி உருகித் தேறும் என்று அம்மாவுக்கு விஞ்ஞான விளக்கமும் கொடுத்தேன். வந்த பணத்தில் பிரஷர் குக்கர் வாங்கினோம். அம்மா அதில் பல வருஷம் சமைத்தாள். புடவையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

மறுநாள் காலை நாட்டுப்பெண்ணிடம், "தைக்கச் சொல்லும்மா" என்றேன். மடிப்பில் விட்ட பாகங்களை நீக்கி, நல்ல துண்டுகளை மெல்லிய பருத்தித் துணிமேல் வைத்து ஓட்டுத் தையல் போட்டார் அந்த அம்மாள். குழந்தையின் கன்னத்தில் உரசாமலிருக்க ஜரிகைக் கரையைப் பிரித்தெடுத்து, முந்தானையோடு தனியே வைத்திருக்கிறோம். விற்பதற்கல்ல.

நம் அங்கத்தினர் பலர் வீட்டில் இப்படிப் புடவைகள் இருக்கும். சில குறிப்புகள்: ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் வைக்காதீர்கள், அவ்வப்போது மாற்றி மடியுங்கள். வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். பட்டில் ஊசித் துளை மறையாது, ஆகையால் குண்டூசி குத்தாதீர்கள். போர்வையாகத் தைத்தால் அடியில் பருத்தித் துணி அவசியம்.

பேத்தி இப்போது அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறாள். கொள்ளுப்பாட்டியின் புடவை என்று அவளுக்கு இன்னும் தெரியாது. விவரம் தெரியும் வயசு வரும்போது, குக்கர் கதையையும் சேர்த்தே சொல்வதாக உத்தேசம்.