அன்னபூரணி அமெரிக்கா போன கதை

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

2023 கடைசியில் செங்கடலில் சரக்குக் கப்பல்களைத் தாக்க ஆரம்பிச்சாங்களே, அப்போ திருப்பூரில் என்ன பாடு பட்டோம்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தூத்துக்குடி, கொழும்பு, செங்கடல், சூயஸ்னு போக வேண்டிய கன்டெய்னர்கள் ஆப்பிரிக்காவையே சுத்திக்கிட்டுப் போச்சு. பையர்கிட்ட சொன்ன தேதி ஒண்ணு, சரக்கு போய்ச் சேர்ந்த தேதி வேற.

இன்னைக்கு நாம பேசப்போற கப்பலும் இதே செங்கடல் வழியாப் போனதுதான். ஆனா காலம் 1930கள். இரும்புக் கப்பல் இல்ல, வேப்பமரத்தில் கட்டினது. பாய் விரிச்சுத்தான் போச்சு. கட்டினவங்க தமிழர்கள், ஓட்டினவங்களிலும் ஐந்து பேர் தமிழர்கள். அந்தக் கப்பலுக்குப் போறதுக்கு முன்னாடி, அதை வாங்கின ஆளைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும்.

வேலையை விட்டுட்டு, பழைய பாய்மரப் படகு ஒண்ணை வாங்கி, அதையே வீடாக்கிக்கிட்டு உலகம் சுத்துறவங்க வீடியோக்கள் யூடியூபில் நிறைய வருது. பார்த்திருப்பீங்க. அந்த ஆசைக்கு முன்னோடிகளில் ஒருவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். நியூயார்க்கில் ஜவுளித் துறையில் எஞ்சினியராக இருந்தவர். ஆமா, நம்ம லைன்தான்! 1928இல், வயசு இருபத்தஞ்சை ஒட்டி, 32 அடிச் சின்னப் படகில் கிளம்பினார். படகுக்கு அவர் வெச்ச பேர் ‘ஸ்வாப்’. கனவு என்ற அர்த்தத்தில் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தது. நாம சொப்பனம்னு சொல்றோமே, அதே வேர்.

மூணு வருஷத்துக்கு மேல ஸ்வாப்தான் அவருக்கு வீடு. 1931 நவம்பரில் உலகத்தைச் சுத்தி முடிச்சுத் திரும்பினார். அதுக்கு முன்னாடி அவ்வளவு சின்னப் படகில் யாரும் சுத்தினதில்லைன்னு பத்திரிகைகள் கொண்டாடின. தாஹித்தியில் அவரோட சேர்ந்த எடேரா என்ற தீவுக்காரர் மிச்சத் தூரம் முழுக்கக் கூட இருந்து படகை ஓட்டினார். புகழ் ராபின்சனுக்கு வந்தது, புத்தகம் வந்தது. எடேரா அந்தப் புத்தகத்தில் ஒரு பாத்திரமா இருக்கார். இதைக் கொஞ்சம் மனசில் வெச்சுக்குங்க.

அடுத்த திட்டம் இன்னும் பெருசு. அதுக்குள்ள கல்யாணம் ஆயிடுச்சு. மனைவி ஃபுளோரன்ஸ் கிரேன், சிகாகோவில் குழாய், பாத்ரூம் சாமான் செஞ்சு பெரும் பணக்காரங்களான கிரேன் குடும்பத்துப் பெண். ரெண்டு பேரும் ஸ்வாப்பில் கிளம்பினாங்க. 1934இல், தென் அமெரிக்காவுக்கு மேற்கே கலாபகோஸ் தீவுகளில், ஆள் அரவமே இல்லாத ஒரு குடாவில் ராபின்சனுக்குக் குடல்வால் வெடிச்சிருச்சு. பக்கத்தில் டாக்டர் இல்ல, படகில் ரேடியோ இல்ல. தற்செயலா அந்தப் பக்கம் வந்த ஒரு சூரை மீன்பிடிக் கப்பலில் ரேடியோ இருந்தது. செய்தி பனாமா போய், அங்கிருந்து அமெரிக்க ராணுவ விமானங்களில் டாக்டர்கள் வந்து, ஒரு போர்க்கப்பலும் வந்து அவரைக் காப்பாத்திக் கொண்டுபோச்சு. படகு அங்கேயே நின்னுபோச்சு. அது திரும்ப அவர் கைக்கு வரவே இல்ல.

ஒரு ஆளோட உலகப் பயணத் திட்டம் இப்படி ஒரே ராத்திரியில் முடியுது. ஆனா எப்படி முடியுது பாருங்க. விமானம் வருது, போர்க்கப்பல் வருது. திட்டம் உடைஞ்சாலும் ஆள் பிழைச்சு வீடு போறார், அடுத்த திட்டம் போடுறார். இந்த வசதி எல்லாருக்கும் கிடைக்கிறதில்ல.

அந்த அடுத்த திட்டத்தில்தான் யாழ்ப்பாணத்து வடகரை ஊரான வல்வெட்டித்துறை வருது.

வல்வெட்டித்துறை கப்பல்காரங்க ஊர். அரிசிக்குப் பர்மா, புகையிலை விக்கத் திருவிதாங்கூர்னு, பாய்க்கப்பலில் போய் வந்தவங்க. ஊர் மேஸ்திரிகள் கடற்கரையிலேயே கப்பல் கட்டினாங்க. 1930இல் அங்கே கட்டின ரெட்டைப் பாய்மரக் கப்பல்தான் ‘அன்னபூரணி அம்மாள்’. நீளம் 89 அடி. ஸ்வாப் மாதிரி மூணு படகை வரிசையா நிறுத்தினா அதைவிடக் கொஞ்சம்தான் நீளமா இருக்கும்.

இந்த மாதிரிக் கப்பலில் குடியிருக்கிறதுன்னா என்ன? நம்ம பக்கம் தூத்துக்குடித் தோணியும் கிட்டத்தட்ட இதே ரகம்தான். சரக்குக்குத்தான் முதல் இடம். ஆளுங்க மேல்தட்டில் எங்கே இடம் இருக்கோ அங்கே படுத்துக்கணும். சமையல், தூக்கம், சீட்டாட்டம், சண்டை எல்லாம் அந்த நாலு பலகைக்குள்ளதான். கப்பலுக்குத் தலைவர் தண்டையல், தூத்துக்குடியில் தண்டல்னு சொல்வாங்க. மாசக்கணக்கா அவர் சொல்றதுதான் சட்டம்.

மரக்கப்பல்னா ஓயாத வேலை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிற சந்து வழியா தண்ணி கசியும். அந்தச் சந்தில் பஞ்சுத் திரியை வெச்சு உளியால் அடிச்சு இறுக்கி, மேல குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசணும். இதுக்குக் கலப்பத்து அடிக்கிறதுன்னு பேர். கப்பல் மிதக்கிறதே அந்தப் பஞ்சால்தான்! பாயும் பருத்தித் துணிதான். பாலியெஸ்டர் நூலை இங்கிலாந்தில் கண்டுபிடிச்சதே 1941இல்தான். பாய்த்துணியில் அது பருத்தியை ஓரங்கட்ட இன்னும் பத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. பருத்திப் பாய் நனைஞ்சா கனக்கும், ஈரத்தோட சுருட்டி வெச்சா பூஞ்சை பிடிக்கும். ஈரத் துணியை அப்படியே அடுக்கி வெச்சா என்ன ஆகும்னு நம்ம குடோன்காரங்களைக் கேட்டா தெரியும்.

காத்து விஷயத்துக்கு வருவோம், ஏன்னா இதுதான் முக்கியம். யாழ்ப்பாணக் கரையில் காத்துக்குத் திசைக்கொரு பேர் இருக்கு: வாடை, கொண்டல், சோளகம், கச்சான். வங்காள விரிகுடாவில் தென்மேற்குக் காத்து பர்மாவுக்குக் கொண்டுபோகும், வடகிழக்குக் காத்து திரும்பக் கொண்டுவரும். நடுவில் ஐப்பசி, கார்த்திகையில் புயல். இதுக்கு ஏத்தாற்போலத்தான் கல்யாணத் தேதி, கடன் தவணை, கோயில் திருவிழா எல்லாம். ‘எங்கே போகணும்’ என்ற கேள்விக்கு முன்னாடியே ‘எப்போ போக முடியும்’ என்ற கேள்வி வந்து நிக்கும். பயணத் திட்டத்தை அவங்க வருஷா வருஷம் காத்துகிட்ட கேட்டுத்தான் போட்டாங்க.

இதை மதிக்கலேன்னா என்ன ஆகும் என்பதுக்கு ஒரு நல்ல உதாரணம், பெர்னார்ட் முவாத்தெசியே. வியட்நாமில் வளர்ந்த பிரெஞ்சுக்காரர், பின்னாளில் பெரிய பேர் எடுத்த கடலோடி. 1952இல் ஒரு பழைய ஒழுகுற மரக்கலத்தில் மலாக்கா பக்கமிருந்து மேற்கே கிளம்பினார், அதுவும் தென்மேற்குப் பருவக்காத்துக்கு நேர் எதிரா! நடுக்கடலில் தண்ணிக்குள்ள குதிச்சு, அடிப்பலகைச் சந்தை அடைச்சு அடைச்சுப் போனார். நேரம் துல்லியமாக் காட்டுற கடிகாரம் இல்லாததால் கிழக்கு மேற்கில் எங்கே இருக்கோம்னே சரியாத் தெரியல. கடைசியில் டியேகோ கார்சியா தீவில் மோதிக் கலம் நொறுங்கிச்சு. தைரியமான ஆள், சந்தேகமே இல்ல. ஆனா அந்த மாசத்தில் அந்தத் திசையில் எந்தத் தண்டையலும் பாய் ஏத்தியிருக்க மாட்டார்.

சரி, ராபின்சனுக்குத் திரும்புவோம். பழைய பாணி மரக்கப்பல் மேல அவருக்குத் தீராத மோகம். அன்னபூரணியை அவர் வாங்கினார். பேரை மாத்தி மனைவி பேரை வெச்சார்: ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மீன்பிடிக்குப் பேர்போன குளோஸ்டர் துறைமுகத்துக்குக் கொண்டுபோகணும்னு திட்டம்.

கூடப் போனவங்க தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை, சின்னத்தம்பி சிதம்பரப்பிள்ளை, தாமோதரம்பிள்ளை சபாரத்தினம், பூரணவேற்பிள்ளை சுப்பிரமணியம், ஐயாத்துரை இரத்தினசாமி. ஐந்து பேரும் வல்வெட்டித்துறை.

வழி கொழும்பு, ஏடன், செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், அப்புறம் அட்லாண்டிக்கைக் கடந்து பெர்முடா. வரைபடத்தில் விரலால் ஒரு கோடு போட்டா அஞ்சு செகண்ட். செங்கடலோட வடபாதியில் வருஷம் முழுக்க வடக்கிலிருந்து காத்து அடிக்கும். அதாவது சூயஸ் போற பாய்க்கப்பலுக்கு நேர் முகத்தில். பாய்க்கப்பல் காத்துக்கு நேர் எதிரா போக முடியாது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மாறி மாறி வளைஞ்சுதான் ஏறணும். ரெண்டு பக்கமும் பவளப்பாறை, விளக்கு குறைவு. வங்காள விரிகுடாவில் காத்தோட சேர்ந்து போயே பழகினவங்களுக்கு இந்தக் கடலில் எல்லாமே புதுசு. அட்லாண்டிக் குளிரும் புதுசுதான்.

1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி குளோஸ்டர் துறைமுகத்துக்குள்ள கப்பல் நுழைஞ்சுது. யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் கையால் செதுக்கின கப்பலைப் பார்க்கக் கூட்டம் கூடிச்சு, பாஸ்டன் பத்திரிகையில் செய்தி வந்துச்சு.

இதில் எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. ராபின்சன் ஸ்வாப்பில் மூணு வருஷம் இருந்தப்போ அவர் ‘பயணி’. இவங்க வாழ்க்கையெல்லாம் கப்பலில் இருந்தும் ‘வேலையாள்’. ரெண்டு பேரும் தூங்கினது அதே மாதிரி பலகையில், நனைஞ்சது அதே மழையில். வித்தியாசம் திட்டம் யார் கையில் இருந்தது என்பதில்தான். போதும், திரும்பிடலாம்னு சொல்ற உரிமை ஒருத்தருக்கு இருந்தது. மத்தவங்களுக்குக் குளோஸ்டர் வரைக்கும் போய்த்தான் ஆகணும். நம்ம ஊரில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் தங்கியிருக்கிற பசங்களைக் கேட்டுப் பாருங்க. ரெண்டே வருஷம், பணம் சேர்த்துட்டு ஊருக்குப் போயிடுவேன்னு வந்தவங்கதான் பல பேர். அந்தத் திட்டமும் ஆர்டர் வர்றதைப் பொறுத்து மாறிக்கிட்டே இருக்கு. அவங்களை யாரும் லாங் டேர்ம் டிராவலர்னு சொல்றதில்ல.

இதுக்காக ராபின்சனை வில்லனா ஆக்க வேண்டியதில்ல. அவர் தன் திட்டத்தை நிஜமாவே மாத்திக்கிட்ட ஆள். சொந்தமா ஒரு கப்பல் பட்டறை வெச்சார், போர்க்காலத்தில் அது கடற்படைக்குக் கலங்கள் கட்டிச்சு. அங்கேயே தனக்காக ‘வருவா’ என்ற 70 அடிப் பாய்க்கப்பலைக் கட்டி, 1945இல் அதில் தாஹித்தி போய்ச் சேர்ந்தார். அடுத்த துறைமுகம் எதுன்னு தேடிக்கிட்டிருந்தவர் அங்கேயே வீடு கட்டி உட்கார்ந்துட்டார். அந்தத் தீவுகளில் யானைக்கால் நோய் கடுமையா இருந்துச்சு. அதை ஆராய்ச்சி பண்ணி ஒழிக்கிற முயற்சிக்கு அவர் பணமும் உழைப்பும் கொடுத்தார். என் கணக்கில், உலகத்தைச் சுத்தினதைவிட இதுதான் அவர் செஞ்ச பெரிய காரியம்.

வல்வெட்டித்துறைக்காரங்களோட திட்டத்தை மாத்தினது வேற ஆளுங்க. ரெண்டாம் உலகப்போரில் பர்மா வியாபாரம் விழுந்துச்சு. இலங்கையும் இந்தியாவும் தனி நாடுகளானதும், முன்னோர்கள் அடுத்த தெருவுக்குப் போற மாதிரி போய் வந்த கடலில் பாஸ்போர்ட்டும் சுங்கமும் வந்துச்சு. நேத்து வரைக்கும் வியாபாரமா இருந்தது சட்டத்தோட கண்ணில் கடத்தலாச்சு.

பாய் மட்டுமே வெச்சு ஓடின தொழில் தூத்துக்குடியில் இன்னும் ரொம்ப நாள் தாக்குப்பிடிச்சது. 1980கள்லதான் அங்கே தோணிகளில் இன்ஜின் பரவலா ஏறிச்சு. இன்னைக்கும் தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து காய்கறி, மளிகை, கட்டுமானச் சாமான் ஏத்திக்கிட்டு மாலத்தீவுக்குத் தோணி போகுது. உங்க சரக்கு கன்டெய்னரில் போற புதுத் துறைமுகத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். இன்ஜின் வந்தும் ஒண்ணு மாறல: தென்மேற்குக் காத்து முரட்டுத்தனமா அடிக்கிற மாசங்களில் தோணிகள் கரையில் கட்டிக் கிடக்கும். ஆளுங்க பலகைச் சந்தில் பஞ்சு வெச்சுக் கலப்பத்து அடிச்சுக்கிட்டு, காத்து மாறுறதுக்காகக் காத்திருப்பாங்க.