சட்டாம்பிள்ளையின் தகுதி: கொங்குத் திண்ணைப் பள்ளியும் சென்னை முறையும்

வகுப்பறையில் ஆசிரியருக்குத் துணைநின்று கற்பிப்பவர்க்கு எத்தகைய தகுதி வேண்டும் என்னும் வினாவைத் தமிழகக் கல்வி வரலாற்றில் வைத்து நோக்கினால், முதலில் எதிர்ப்படுபவன் சட்டாம்பிள்ளை. திண்ணைப் பள்ளியின் மூத்த மாணாக்கனாகிய இவனை உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' உள்ளிட்ட தன்வரலாறுகளில் காணலாம். பிரம்புக்குரியவனாகவே பெரும்பாலும் நினைவுகூரப்படும் இவன், இளையோர்க்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தவன் என்பது போதிய கவனம் பெறவில்லை.

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, நாட்டுப் பள்ளிகளைப் பற்றி மாவட்ட ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். இன்று திருப்பூர் மாவட்டத்திலுள்ள பொங்கலூர் அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்திற்குக் கிடைத்த கணக்கு 763 பள்ளிகள், 8,206 மாணாக்கர். ஒரு பள்ளிக்குச் சராசரி பதினொருவர்கூட இல்லை. கூட்டம் மிகுந்ததால் துணையாள் தேவைப்பட்டான் என்னும் வழக்கமான விளக்கம் இங்குப் பொருந்தாது. ஒருவன் மணலில் அகரம் எழுத, மற்றொருவன் ஓலையில் எழுத, இன்னொருவன் எண்சுவடி ஒப்பித்திருப்பான். வகுப்பு என்னும் பிரிவே இல்லாத அவ்விடத்தில் ஒவ்வொருவனும் தனித்தனிப் படியில் நின்றான். ஆகவே, அடுத்த படியை அண்மையில் கடந்தவன் என்பதே துணையாளின் தகுதியாயிற்று எனக் கருதலாம். சான்று, ஆசிரியரின் வாய்ச்சொல். மன்றோவின் படிவம் மாணாக்கரைச் சாதிவாரியாகவும் பால்வாரியாகவும் எண்ணியது. சட்டாம்பிள்ளைக்கு அதில் தனிக் கட்டம் இல்லை. கற்பித்தவனும் கற்றவனாகவே எண்ணப்பட்டான்.

இதற்கு முன்பே இம்முறை கடல் கடந்திருந்தது. 1789இல் எழும்பூர் ஆண்கள் அனாதை இல்லப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்த முனைந்தார். ஊதியம் பெற்ற உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே ஜான் ஃப்ரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார், அது நடந்தேறியது. பெல் 1797இல் லண்டனில் வெளியிட்ட அறிக்கையின் வழியே இது 'சென்னை முறை' எனப் பரவியது. பெல்லாரி ஆட்சியர் ஏ.டி. கேம்பல் 1823இல் எழுதிய அறிக்கையில், முன்னேறிய மாணாக்கர் பின்தங்கியோர்க்குக் கற்பிக்கும் நாட்டு வழக்கத்தை இங்கிலாந்து பின்பற்றியது தகுமென்று பாராட்டினார். ஆயினும் பெயர்ந்து சென்றது முறையின் ஒரு பாதியே எனலாம். கொங்கில் பத்துப் பேரின் தனிநடைக்கு உதவிய ஏற்பாடு, அங்கு நூற்றுக்கணக்கானோரைக் குறைந்த செலவில் ஆளும் கருவியாயிற்று.

இங்கிலாந்தில் 1846இல் தகுதியின் பொருளே மாறியது. பதின்மூன்று வயது நிறைந்தவர் ஐந்தாண்டு பயிற்சி மாணவ ஆசிரியராகச் சேர்ந்தார். ஆண்டுதோறும் ஆய்வாளரின் தேர்வில் தேறினார். 10 பவுண்டில் தொடங்கி 20 பவுண்டு வரை உதவித்தொகை பெற்றார். ஆசிரியரின் சொல் இருந்த இடத்தில் அரசின் சான்றிதழ் அமர்ந்தது.

தமிழகத்தில் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் இவ்வழியதே. தொடக்க வகுப்புகளுக்கு மேனிலைப் பள்ளித் தேர்ச்சியும், ஆறு முதல் எட்டு வரை பட்டமும் தன்னார்வலர்க்குக் குறைந்தபட்சத் தகுதிகளாக வைக்கப்பட்டன. சிறாரைக் கூலியின்றிக் கற்பிக்கவிடுவதைக் காட்டிலும் இது மேலானது என்பதில் ஐயமில்லை. குழந்தைத் தொழிலாளர் சிக்கலைக் கண்ட பின்னலாடை வட்டாரத்தில் சட்டாம்பிள்ளையை இலட்சியமாக்குதல் தகாது. அவன் பிறர்க்குச் செலவிட்ட பொழுது தன் பாடத்திற்குரியது.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. திருப்பூர்ப் பகுதிக்கு வேலை தேடி வந்த வடமாநிலக் குடும்பங்களின் குழந்தைகள் தமிழ்வழி வகுப்பில் அமரும்போது, ஆசிரியர் சொல்வதை இந்தியிலோ ஒடியாவிலோ பக்கத்துப் பிள்ளைக்கு எடுத்துரைப்பவர் யார்? ஓராண்டு முன்னதாக வந்து தமிழ் பழகிய மற்றொரு குழந்தையாக இருக்கக்கூடும். பொங்கலூர் ஒன்றியப் பள்ளிகளில் இதனைக் களஆய்வு செய்யலாம். மன்றோ படிவத்தைப் போலவே, இன்றைய வருகைப் பதிவேட்டிலும் அக்குழந்தை மாணவர் என்றே பதிவாகும்.